லாரி இழுக்கலையா? என்ஜினைக் கடைசியா சந்தேகப்படுங்க!

சேலத்துல இருந்து தர்மபுரி போற லாரிகள் தொப்பூர் கணவாய் ஏறுறதைக் கவனிச்சிருக்கீங்களா? லோடு அதே, டிரைவரும் அதே. ஆனா போன மாசம் நாலாவது கியர்ல ஏறின வண்டி, இப்போ ரெண்டாவதுல தவழும். பட்டறைக்கு வந்து டிரைவர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "புல்லிங் இல்லண்ணே." அதுக்கு அவசரமா கிடைக்கிற பதில்: "என்ஜினை இறக்கிடலாம்." ஒரே ஒரு லாரியை நம்பி இருக்கிற ஓனருக்கு இது சின்ன விஷயமில்லை. வண்டி பட்டறையில் நிற்கும், டியூ நிற்காது.

அதனால எதை முதல்ல பார்க்கணும்ங்கிற வரிசை ரொம்ப முக்கியம்.

என்ஜின்தான் காரணமா?

ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. ஓடி வந்து நிறுத்தினதும் ஒரு பிரேக் டிரம் மட்டும் மற்றதைவிட ரொம்பச் சூடா இருந்தா, பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு. ரெண்டுலயும் என்ஜின் மேல தப்பே இல்லை.

மூணு தேவை, ஒரு வழி

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை நல்லா அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சுகிறோம், தானே பற்றிக்கொள்கிறது. ஆக பவர் வர காற்று, டீசல், கம்ப்ரஷன் மூணும் வேணும். எரிந்த புகை வெளியேற ஒரு வழியும் வேணும். பவர் குறைஞ்சா இந்த நாலுல ஒண்ணு அடிவாங்கியிருக்கு.

பழைய வண்டிகளில் புகையே பாதி கதையைச் சொல்லிடும். கறுப்புப் புகைன்னா டீசலுக்கு ஏத்த காற்று இல்லை: ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், டர்போவில் இருந்து வரும் ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம், இல்லைன்னா இன்ஜெக்டர் அளவுக்கு மேல ஊத்துது. புகையும் இல்லை, புல்லிங்கும் இல்லைன்னா பெரும்பாலும் டீசல் போதுமான அளவு வரலை: ஃபில்டர் அடைப்பு, லைனில் காற்று. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தா, டீசல் சரியா எரியலை அல்லது கூலன்ட் உள்ளே இறங்குது.

பிஎஸ்-6 வந்த பிறகு

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 கட்டாயமானது. இந்த லாரிகளில் டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடிச்சு வெச்சுக்குது. அதனால என்ஜின் உள்ளே கறுப்பா புகைஞ்சாலும் சைலன்ஸரில் தெரியாமப் போகலாம். அந்த வடிகட்டியே அடைச்சுக்கிட்டா, புகை வெளியேற முடியாம பவர் குறையும்.

இன்னொரு சங்கதி: 32.5 சதவீத யூரியா கலந்த டிஇஎஃப் திரவம் தீர்ந்தாலோ தரமில்லாம இருந்தாலோ, ஈசியூ தானாவே டார்க்கைக் குறைச்சிடும். இங்கே "பவர் லாஸ்" பழுதே இல்லை, கம்ப்யூட்டர் போட்ட உத்தரவு! ஸ்கேனர் மாட்டாம என்ஜினைக் கழட்டினா என்ன கிடைக்கும்?

வரிசை இதுதான்

செலவு கம்மியானதில் இருந்து ஆரம்பிங்க. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இன்டர்கூலர் கசிவு. அடுத்து டீசல் ஃபில்டர், அதில் தேங்கிய தண்ணீர். பிறகு ஸ்கேனரில் கோடு பாருங்க. பூஸ்ட், ரெயில் பிரஷர் ரெண்டும் ஈசியூ கேட்ட அளவுக்கு வருதான்னு ஒப்பிடுங்க. அடுத்து டிபிஎஃப் அடைப்பு. இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட்.

"எந்த என்ஜின் நல்லது?"

டீக்கடையில் முடிவே வராத கேள்வி. இங்கேயும் அதே விதிதான்: சுற்றி இருப்பதைப் பாருங்க. அமெரிக்காவில் 1998 முதல் 2002 வரையான டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்களை எடுத்துக்கோங்க. அவற்றின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜினில் இருந்த விபி44 இன்ஜெக்ஷன் பம்ப் அடிக்கடி செத்துப்போய் கெட்ட பெயர் வாங்கியது. அந்த பம்ப்பைக் குளிர்விப்பதும் வழவழப்பா வைப்பதும் அதற்குள் ஓடும் டீசல்தான். டீசலைத் தள்ளிவிட வேண்டிய சின்ன லிஃப்ட் பம்ப் பலவீனமானதும் பெரிய பம்ப் பட்டினி கிடந்தது. லிஃப்ட் பம்பைக் கவனிக்காம விபி44-ஐ மட்டும் மாற்றினா, புதுசும் அதே வழியில் போகும்.

ரெண்டாவது, எத்தனை தடவை நிற்குதுன்னு மட்டும் எண்ணாதீங்க. நின்னா எவ்வளவு நேரத்தில் திரும்ப ஓடுதுன்னும் பாருங்க. ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' என்ஜின் 1000 மணி நேரம் ஓடி ஒரு தடவை நிற்குது, சரிசெய்ய 50 மணி நேரம். 'ஆ' 800 மணி நேரத்திலேயே நிற்குது, ஆனா 10 மணி நேரத்தில் ரெடி. ஓடத் தயாரா இருக்கும் நேரம் 'அ'வுக்கு 1000/1050, அதாவது 95.2 சதவீதம்; 'ஆ'வுக்கு 800/810, அதாவது 98.8. அடிக்கடி நிற்கும் 'ஆ'தான் ஓனருக்கு லாபம்! ஸ்பேர் கிடைக்குதா, பக்கத்தில் கை தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரா என்பதும் நம்பகத்தன்மையில் சேர்த்திதான்.

ஒப்பிடும்போது வேலையும் ஒண்ணா இருக்கணும். மலைப்பாதையில் சிமென்ட் சுமக்கும் வண்டியையும் நாலுவழிச் சாலையில் பார்சல் ஏத்துற வண்டியையும் கிலோமீட்டரை வெச்சு மட்டும் ஒப்பிட்டா, அது என்ஜினைப் பற்றின தீர்ப்பாகாது. ரோட்டைப் பற்றின தீர்ப்பு.

அடுத்த தடவை யாராவது "இந்த என்ஜின் வேஸ்ட்"னு சொன்னா, ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "ஏர் ஃபில்டர் பாத்தீங்களா?"