தோட்டத்து ரோட்டுக்குப் பிரதேச சபைக் காசு கிடைக்குமா?



நாம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தலைவர்மார் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "லயத்துக்கு வாற ரோட்ட யாருங்க போட்டுத் தரணும்?" துரையிடம் போனால், கொழுந்து லொறி ஓடுகிற பாதையைத்தான் கம்பனி பார்க்கும் என்று பதில் வரும். பிரதேச சபை மெம்பரிடம் போனால், அது தோட்டத்துக் காணி, சபை கை வைக்க ஏலாது என்பார். நடுவில் நிற்பது நாம்தான். மழைக்காலத்தில் பிள்ளைத்தாச்சியைக் கதிரையில் வைத்து மெயின் ரோடு வரைக்கும் தூக்கி வருவதும் நம்ம ஆட்கள்தான்.

மெம்பர் சொன்ன பதில் ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. இன்று அது சரியில்லை. இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிரதேச சபைகளை உண்டாக்கியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு குடியிருப்புகளுக்கு ரோடு, கிணறு போன்ற பொது வசதிகளைச் செய்து கொடுப்பதைப் பற்றியது. கிராமத்துக்கு அந்த வாசல் திறந்திருந்தது, தோட்டத்து லயங்கள் வெளியே நின்றன. இது புதுப் பழக்கமும் அல்ல. வெள்ளைக்காரர் காலத்துக் கிராம சபைகளிலேயே இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஒரு வேடிக்கை நடந்தது. நாம் வாக்குப் போட்டு மெம்பரைத் தெரிவு செய்தோம், அவரும் சபையில் போய் உட்கார்ந்தார், ஆனால் தன்னைத் தெரிவு செய்த லயத்துக்கு ஒரு கல்வெட்டுக் கான் போட அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

இதை மாற்றச் சொல்லித்தான் கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற சிவில் அமைப்புகள் பல வருடம் குரல் கொடுத்தன. கூட்டம் வைத்தார்கள், மனு எழுதினார்கள், மந்திரிமாரைச் சந்தித்தார்கள். அவர்கள் சொன்னது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வரியும் வாக்கும் கொடுக்கிற ஆள் கிராமத்தில் இருந்தாலும் லயத்தில் இருந்தாலும் சபைக்கு ஒன்றுதான் என்றார்கள். கடைசியில் 2018இல் பாராளுமன்றம் 33ஆம் பிரிவைத் திருத்தியது. தோட்டக் குடியிருப்புகளிலும் ரோடு, கிணறு, வேறு பொது வசதிகள் செய்யப் பிரதேச சபைக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது. (இந்தச் செய்தி சில சபைக் கந்தோர்களுக்கே இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது வேறு கதை.)

அதே 2018இல் இன்னொரு கோரிக்கையும் நிறைவேறியது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச சபைகளில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு லட்சம் சனத்தைச் சுமந்துகொண்டிருந்தது. அவை ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் அப்படி வந்தவைதான். அந்த வருடம் பெப்ரவரியில் நடந்த தேர்தலில் பெண்களுக்கு நூற்றுக்கு 25 ஒதுக்கீடும் முதல் முறையாக நடைமுறைக்கு வந்தது. பிறகு 2023இல் சபைகள் கலைந்து, 2025 மே 6ஆம் திகதிதான் மறுபடி தேர்தல் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் மெம்பர்மார் இல்லாமல் சபைகளைச் செயலாளர்மார் நடத்தினார்கள்.

சரி, சட்டம் மாறியும் ரோடு ஏன் வரவில்லை? காணி இன்னும் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. ஆகவே தோட்ட நிர்வாகத்துடன் பேசாமல் சபை வேலை தொடங்க முடியாது. இந்த இடத்தில்தான் பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. சபை துரையைக் காட்டும், துரை கொழும்பைக் காட்டுவார். தோட்டம் சபையின் கடமைக்குள் வரும் என்று இன்னும் தெளிவாக எழுத வேண்டும் என்று சிவில் அமைப்புகள் கேட்பது இதனால்தான். எமது அபிப்பிராயமும் அதுவே. "செய்யலாம்" என்ற சொல்லுக்கும் "செய்ய வேண்டும்" என்ற சொல்லுக்கும் நடுவில்தான் நம்ம லயத்து ரோடு கிடக்கிறது.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. "தோட்டத்து ஆட்கள் சோலைவரி கட்டுவதில்லை, பிறகு என்ன ரோடு?" இதைக் கேட்டு யாரும் தலை குனிய வேண்டியதில்லை. சபைகள் சோலைவரி அறவிடுவது அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களில்தான். எத்தனையோ கிராமத்து வீடுகளுக்கும் அந்த வரி கிடையாது. அவர்களுக்கு ரோடு போடவில்லையா? தேயிலை போன்ற நிலையான பயிர் உள்ள காணிக்கு ஏக்கர் வரி அறவிடவும் சட்டம் சபைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தத் தேயிலை யாருடைய கையால் வளர்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கடிதத்தைத் தனி ஆளாக எழுதாமல் தோட்டத்துப் பெயரில் எழுதுங்கள். எந்த டிவிஷன், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை குடும்பம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பாதையில் போகிறார்கள் என்று எழுதினால் போதும். "எங்களுக்கு ரோடு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது பைலுக்குள் போய்விடும். பெரிய துரையிடம் முதலில் பேசி, வேலைக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் வாங்கி, அதன் பிரதியையும் கடிதத்தோடு வையுங்கள். சபைத் தலைவருக்கும் செயலாளருக்கும் உங்கள் வட்டார மெம்பருக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் சபையின் முத்திரையையும் திகதியையும் கட்டாயம் போட்டு வாங்குங்கள். கடிதம் தமிழில் இருக்கலாம்.

பதிலே வரவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எமது விண்ணப்பத்துக்கு என்ன தீர்மானம் எடுக்கப்பட்டது, இந்த வருடம் தோட்டப்புற ரோடுகளுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது" என்று சபையின் தகவல் அதிகாரியிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. வேலை நாள் 14க்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம்.

ஒரு முக்கியமான விசயம். சபையின் வருடம் ஜனவரியில் தொடங்குகிறது, வரவு செலவுத் திட்டம் அதற்கு முந்தின வருடக் கடைசியில் சபைக்கு வரும். தீபாவளி முடியட்டும் என்று வைத்திருந்தால் கடிதம் போய்ச் சேரும்போது காசு பிரித்து முடிந்திருக்கும். ஆகஸ்ட், செப்டெம்பர் மாதத்திலேயே கடிதம் சபையில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாத இடங்களில் தோட்டத்துக்கு வரும் நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், பிரட்டுக்களத்திலேயே உட்கார்ந்து எழுதித் தருவோம்.