வளாகத்துக்குள் பொலிஸ்

"கெம்பஸுக்குள்ள பொலிஸ் ஈக்கிதா, நானா?" மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவிருந்த ஜிந்துப்பிட்டி உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

அமெரிக்காவில் உண்டு. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் இரு பொலிஸாருடன் ஆரம்பமான ஏற்பாடு அது. இங்கு மார்ஷல்களும் காவலர்களுமே உள்ளனர். ஒழுங்கைக் கவனித்து, நடந்ததை நிர்வாகத்துக்கு அறிவிப்பது அவர்கள் பணி. குற்றத்தை விசாரிப்பதும் கைது செய்வதும் வெளியிலுள்ள பொலிஸ்தான்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு 2 வருடம் வரை சிறை. அதில் பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ நேர்ந்தால் 10 வருடம் வரை.

"மகள்ட்ட சொல்லி வைங்க, மார்ஷலோட நிக்க வேணாம், பொலிஸுக்கும் போகலாம்" என்றேன். "பொறுத்துக்கிட்டுப் படி" என்று நாமே சொல்லி அனுப்பினால், அந்தச் சட்டம் ஏட்டிலேயே கிடக்கும்.