பழைய காரும் அதன் பழைய ஏடுகளும்

சாரல் பருவத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையோரம் சற்று நேரம் நின்றால், நம் நாட்டு மோட்டார் வரலாறே கண்முன் ஊர்ந்து செல்வதைக் காணலாம். புத்தம்புதிய கார்களுக்கு நடுவே அம்பாசிடரும் ஃபியட்டும்கூட ஐந்தருவியை நோக்கி மூச்சிரைக்க ஏறிச் செல்லும். அத்தகைய ஒரு பருவத்தில்தான் நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், நீண்ட முகப்பும் அகன்ற உடலும் கொண்ட கான்டெஸா கார் ஒன்றிடம் மனத்தைப் பறிகொடுத்தார்.

கான்டெஸாவை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் 2002 வரை தயாரித்த கார் அது. உண்மையில் அது பந்தயக் கார் அன்று. ஆயினும் அக்கால இளைஞர்கள் அதையே பந்தயக் காராகப் போற்றினார்கள். ஜப்பானின் இசுசூ என்ஜின் பொருத்தப்பட்ட பின்னர் அதன் பெயர் மேலும் ஓங்கியது. இன்று அவற்றுள் மிக இளைய காருக்கும் இருபது வயது கடந்துவிட்டது.

"சாமி, முன்பணம் கொடுத்துவிட்டேன். ஞாயிறன்று வண்டியை மந்திரித்துத் தரவேண்டும்" என்று அவர் வந்து நின்றார். மீதித் தொகைக்குத் தாயாரின் நகைகளை அடகு வைக்க ஏற்பாடாகியிருந்தது. "மகிழ்ச்சி தம்பி. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டோம். அவர் விழித்தார். வண்டியின் வண்ணத்தைப் பார்த்திருந்தார். என்ஜின் ஓசையைக் கேட்டிருந்தார். ஏட்டை மட்டும் புரட்டவில்லை.

பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. 1960-ஆம் ஆண்டு, பத்து வயதான வண்டிகளுக்கென அது தொடங்கிற்று. இன்று மூன்று வயது நிறைந்த காரே ஆண்டுக்கொரு முறை சோதனைக்குச் செல்லவேண்டும். எந்தக் குறைக்காகத் தள்ளப்பட்டது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்பவற்றை, வண்டி எண் அறிந்த எவரும் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் காணலாம். மைல் கணக்கைப் பின்னோக்கித் திருப்பி ஏமாற்றுவது அங்கு எளிதன்று.

நம் நாட்டில் நிலைமை வேறு. வாடகை வண்டிகளே அடிக்கடி எஃப்.சி. காட்டவேண்டும். சொந்த உபயோகக் காருக்கோ, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி முதற் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். ஆகவே 25 வயதான காரைக்கூட அரசு அதிகாரி இரண்டு மூன்று முறையே சோதித்திருப்பார். இடைப்பட்ட வரலாற்றை வாங்குபவரே சிதறிய தாள்களிலிருந்து தேடிச் சேர்க்கவேண்டியுள்ளது.

தேடும் வழியைச் சொல்வோம். முதலாவது, ஆர்.சி. புத்தகம். முதற் பதிவு நாள், செல்லுபடியாகும் இறுதி நாள், எத்தனையாவது உரிமையாளர், கடன் நிறுவனத்தின் பெயர் உள்ளதா என்பவற்றைக் காண்க. கடன் தீர்ந்திருந்தாலும், அது நீக்கப்பட்டதற்கான பதிவு இல்லையெனில் பெயர் மாற்றத்தில் இடர்ப்பாடு வரும். இவ்விவரங்களைப் பரிவாகன் இணையதளத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்து, ஏட்டிலுள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் இரும்பில் பொறித்த எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். அராவித் திருத்திய அடையாளம் தென்பட்டால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவதே நலம்.

இரண்டாவது, பழைய காப்பீட்டுப் பத்திரங்கள். முழுக் காப்பீடு செய்த கார் இழப்பீடு கோராத ஆண்டுகளில் உரிமையாளருக்குச் சலுகை வளர்ந்து வரும். அச்சலுகை திடீரென மறைந்திருந்தால், முந்தைய ஆண்டில் வண்டி எங்கேனும் மோதியதா என்று கேட்கவேண்டும். மூன்றாவது, பட்டறை ரசீதுகளும் புகைச் சான்றுகளும். ரசீதுகளில் குறித்த கிலோமீட்டர் கணக்கை வரிசையாக அடுக்கினால், மீட்டர் சொல்வது மெய்யா பொய்யா என்பது தானே விளங்கும்.

நம் பகுதிக்கு உரிய எச்சரிக்கைகளும் உள. புளியரை கடந்தால் கேரளம். அங்கிருந்து வரும் வண்டிகள் மிகுதி. அவற்றுக்கு அம்மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கு வரியும் செலுத்தவேண்டும். மேலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளில் வண்டிகள் பல நீரில் மூழ்கின. இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வண்டலும் துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

நம் இளைஞரிடம் மீண்டும் வருவோம். ஏடு வந்தது. காரின் பதிவு 1998. 2013-இல் ஒரு முறை புதுப்பித்திருந்தார்கள். 2018-இல் காலாவதியானபின் எவரும் தொடவில்லை. "அது வெறும் சம்பிரதாயம்; பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம் விற்பவர். சம்பிரதாயமன்று. பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டுவதே குற்றம். புதுப்பிப்புக் கட்டணமும் முன்போல் இல்லை. 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வயது கடந்த காருக்கு 10,000 ஆயிற்று. பசுமை வரி, தாமதக் கட்டணம் ஆகியன தனி.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லும்படி கூறினோம். அவர் வண்டியின் அடியில் படுத்துத் திருப்புளியால் மெல்லத் தட்டினார். ஓட்டுநர் இருக்கையின் கீழ்த் தகடு அப்பளம்போல் உதிர்ந்ததாம். பல ஆண்டுகளாக ஆய்வாளரிடம் வண்டி ஏன் செல்லவில்லை என்பதற்கு அதுவே விடை. முன்பணம் திரும்பவில்லை. இளைஞர் பல நாட்கள் வாடிய முகத்தோடு திரிந்தார். ஆனால் தாயாரின் நகைகள் வீட்டிலேயே இருந்தன. அவரும் அவர் வீட்டாரும் புளியரை மலைச்சரிவில் அந்த வண்டியில் இறங்கவில்லை. அதை எண்ணி நாம் இறைவனுக்கு நன்றி செலுத்தினோம்.

விற்போருக்கும் ஒரு சொல். குறையை அறிந்தே மறைத்து விற்பது வியாபாரத் திறமையன்று, களவு. பெயர் மாற்றம் நிகழ்ந்ததா என்று பாராமல் சாவியைக் கொடுப்பதும் ஆபத்தே. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். வாங்குபவருக்கு 30 நாட்கள். பல கை மாறிய கார் ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றுவிட்டேன் என்ற சொல் அவரைக் காக்கவில்லை.

பெண் எடுக்கும்போது பூர்வோத்திரம் விசாரிக்கும் நம் குடும்பங்கள், மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டியின் பூர்வோத்திரத்தையும் விசாரிக்கட்டும். முன்பணம் கொடுக்கும் முன்னரே விசாரிக்கட்டும். ஏடுகள் ஒழுங்காயுள்ள வண்டி எதுவாயினும், அதை மந்திரிக்க நாம் மகிழ்வோடு காத்திருக்கிறோம்.