இன்னும் ஓர் ஆண்டு

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், நான்கே வசனங்களில் ஆண்டவர் ஓர் உவமையைச் சொல்லி முடித்துவிடுகின்றார். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்து ஏமாந்த உரிமையாளர், அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கின்றார். தோட்டக்காரரோ, சுற்றிலும் கொத்தி எருப்போட இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கின்றார். அந்த ஆண்டின் முடிவில் மரம் காய்த்ததா, வெட்டுண்டதா என்பதை ஆண்டவர் சொல்லவில்லை.

தவக்காலத்தில் பலமுறை இவ்வுவமையை வைத்து நான் மறையுரை ஆற்றியிருக்கின்றேன். காய்க்காத மரம் யார் என்று இறைமக்களைப் பார்த்து உரக்கக் கேட்டும் இருக்கின்றேன். ஆனால் கோடரியைக் கையில் பிடித்திருந்தவன் நானே என்பது, ஒரு பழைய பள்ளிக்கூட வளாகத்தில் நின்றபோதுதான் என் நெஞ்சில் தைத்தது. அப்பள்ளியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. குற்றம் என்னுடையது, பள்ளியினுடையது அன்று.

தோட்டமும் காடும்

கொங்கு நாட்டில் 'தோட்டம்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. கிணறு உள்ள நிலம் தோட்டம். கிணறு இல்லாமல் மழையை நம்பியிருக்கும் நிலம் காடு. பூச்செடி இருக்கிறதா, காய்கறி இருக்கிறதா என்பதன்று கேள்வி. நீர் இருக்கிறதா என்பதே கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்தச் சமவெளியில், ஆண்டு மழையே 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். எனவே நம் முன்னோர் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினர். எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தனர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் எருதின் வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது.

வேலிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் சப்பாத்திக்கள்ளி நம் நிலங்களை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1926-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பூச்சி அதனைத் தின்று அழித்தது. நம் பகுதியின் சொந்த வேலியோ கிளுவை. குச்சியை வெட்டி நட்டால் வேர்பிடித்துத் தலைமுறைகளுக்கு நிற்கும். நான் படித்த பள்ளியைச் சுற்றியும் கிளுவை வேலிதான் நின்றது.

பாத்தியும் பாடமும்

1977-ஆம் ஆண்டு, நான்காம் வகுப்பில், பங்கு விடுதி மாணவனாக அப்பள்ளிக்குச் சென்றேன். அவிநாசிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் தந்தையார் பண்ணையம் பார்த்துவந்தார். தகரப் பெட்டியோடு என்னை விடுதி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். அன்று மாலை வேலியோரத்தில் அழுதுகொண்டு நின்ற என் கையில், ஓர் ஆசிரியர் ஒரு களைக்கொத்தைக் கொடுத்தார். ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கத்தரிப் பாத்தியைக் காட்டினார், அவ்வளவே. இருட்டும்வரை கொத்தினேன். அழுகை எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

மாணவர்கள் அவரைத் 'தோட்ட வாத்தியார்' என்றே அழைத்தனர். வகுப்புக்கு ஒரு பாத்தி. வெள்ளிக்கிழமை கடைசி மணி தோட்ட வேலை. ஆடி பிறந்ததும் அவரையும் சுரையும் ஊன்றுவோம். விதைகளைச் சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் இட்டு, அடுத்த ஆடி வரையில் விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார். நண்பகலில் கை கழுவும் நீர் வீணாகாதபடி வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டிருந்தார்.

விதை ஊன்றும் நாளில் ஒவ்வோர் ஆண்டும் அவர் சொல்வது ஒன்றுதான்: "வெதை போடறது நீ, கண்ணு, மொளைக்க வெக்கறது சாமி, களை புடுங்கறது மறுபடியும் நீதான்." குருமடத்தில் பின்னர் இறையருளையும் மனித முயற்சியையும் பற்றிப் பல மாதங்கள் பாடம் கேட்டேன். அதன் சுருக்கத்தை ஏற்கெனவே அந்தப் பாத்தியில் கேட்டிருந்தேன்.

அக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்த உணவு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த உடைத்த கோதுமை. அந்த உப்புமாவை விழுங்கச் செய்தது எங்கள் தோட்டத்துக் கீரைதான். நாங்கள் நாள்தோறும் பிடுங்கிய களைகளுள் பார்த்தீனியமும் உண்டு. 1950-களின் நடுவில் பூனாவில் கவனத்துக்கு வந்த அந்த நச்சுக் களையும் அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்தது என்றே பலர் கருதுகின்றனர். ஒரே கப்பலில் உணவும் களையும் வந்திருக்கக்கூடும்! கோதுமையின் நடுவே களை விளைந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு விடுதியின் அடுக்களை நினைவுக்கு வருவதுண்டு.

கருமத்தம்பட்டியில் ஊன்றிய விதை

இத்தகைய பள்ளிகள் நம் பகுதியில் எவ்வாறு தோன்றின? 1844-ஆம் ஆண்டு புதுச்சேரியில் கூடிய திருச்சபைப் பேரவை, உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் பள்ளிகளை வளர்ப்பதையும் தலையாய பணிகளாகக் கொண்டது. பெண்களுக்குக் கல்வி வேண்டுமென்று அதே ஆண்டில் அங்கே ஒரு துறவறச் சபையும் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய அருள்தந்தை துப்புயி, புதுச்சேரியில் தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிட்டவரும் ஆவார்.

அப்பேரவையின் எண்ணங்களை நெஞ்சில் தாங்கிக் கோவைக்கு வந்தவர் ஆயர் மரியோன் பிரசில்லாக். 1813-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தவர். 1842-ஆம் ஆண்டு இந்தியா வந்தவர். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். செபமாலை அன்னையின் திருத்தலமாக நாம் போற்றும் அவ்வூரில் அவர் குருமாணவர்க்கான பள்ளியை நடத்தினார். இம்மண்ணின் மைந்தர் இம்மண்ணின் குருக்களாகவும் ஆயர்களாகவும் வேண்டும் என்பதே அவரது வேட்கை. அதற்கு எழுந்த எதிர்ப்புகளாலும் மனச்சான்றின் உறுத்தலாலும் சில ஆண்டுகளில் அவர் பதவி விலகித் தாயகம் திரும்பினார்.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1856-ஆம் ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859-ஆம் ஆண்டு சியரா லியோன் நாட்டின் பிரீடவுனில் இறங்கிய ஆறே வாரங்களில், மஞ்சள் காய்ச்சலுக்கு இரையாகி, ஜூன் 25-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். கோவையில் அவர் ஊன்றிய விதை காய்த்ததை அவர் காணவில்லை. கோவை 1886-ஆம் ஆண்டு மறைமாவட்டமாயிற்று. 1923-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானபோது, இலத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்தின் முதல் இந்திய ஆயரை நாடு கண்டது. 2020-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிசு, பிரசில்லாக் ஆண்டகையை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். ஊன்றியவர் ஒருவர், கனி பறித்தவர் வேறொருவர். அக்கனிகளுள் கடையனாக நானும் ஒருவன்.

கோவையில் கல்விப்பயிர் பலராலும் வளர்க்கப்பட்டது. பெரிய கோவிலை ஒட்டிய புனித மிக்கேல் பள்ளியை நம் வாசகர் அறிவர். 1862-ஆம் ஆண்டு இராபர்ட் ஸ்டேன்ஸ் தம் பெயர் தாங்கும் பள்ளியைத் தொடங்கினார். 1868-ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளி 1906-ஆம் ஆண்டு கோவைக்கு இடம்பெயர்ந்து, இன்று பல்கலைக்கழகமாக ஓங்கி நிற்கின்றது. 1912-ஆம் ஆண்டு தொடங்கிய கரும்பு இன ஆய்வு நிலையம், நம் ஊரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளையே பெயராகக் கொண்ட கரும்பு வகைகளை உலகுக்குத் தந்தது. 1930-ஆம் ஆண்டு அவிநாசிலிங்கனார் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் கைத்தொழிலையும் கல்வியையும் ஒருசேரப் பயிற்றியது. ஏட்டையும் மண்வெட்டியையும் பிரிக்காத மரபு நம்முடையது.

நான் செய்த பிழை

2005-ஆம் ஆண்டு, நான் விடுதி மாணவனாய் இருந்த அதே பங்குக்கு என்னைப் பங்குத்தந்தையாக அனுப்பினார்கள். பள்ளித் தாளாளர் பொறுப்பும் உடன் வந்தது. தோட்ட வாத்தியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்குப் பின் தோட்டத்தைக் கவனிப்பார் இல்லை. முந்தைய ஆண்டுகளின் வறட்சியில் பாத்திகள் காய்ந்து, வேலிக்காத்தான் முளைத்து, பாம்பு நடமாட்டமும் இருந்தது. திருவிழாவின்போது அன்பின் விருந்துக்கு இடமில்லை என்று மக்கள் முறையிட்டனர். மழைக்காலத்தில் சேறு, வண்டி நிறுத்த இடமில்லை.

நான் இளைஞன், செயல்வீரன் என்று பெயரெடுக்க விரும்பினேன். மூன்றே வாரங்களில் தோட்டம் முழுவதையும் சமன்படுத்திச் சிமெண்டுத் தளம் போட்டேன். வாத்தியாரின் வேப்பமரங்கள் நான்கும் நெல்லி மரமும் விறகாயின. கிளுவை வேலியைப் பிடுங்கி மதில் எழுப்பினேன். தளத்தின் ஓரத்தில் என் பெயர் பொறித்த கல் ஒன்றும் பதிக்கப்பட்டது. மக்கள் கைதட்டினர். பாராட்டில் நனைந்த நான், விறகு வண்டி வாயிலைக் கடந்து சென்றதை நின்றுகூடப் பார்க்கவில்லை.

விழுந்த மழையெல்லாம் தளத்தின்மேல் வழிந்து தெருச் சாக்கடையில் ஓடியது. நான் மாற்றலாகிச் சென்ற சில ஆண்டுகளில் பள்ளிக் கிணறு வறண்டது. சுற்றுவட்டாரமெங்கும் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறுகள் இறங்கிவிட்டன. எனவே கிணறு வறண்டதற்கு என் தளம் மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. எனினும் என் பங்கு எவ்வளவு என்பதை நான் அறிவேன். தோட்டமாக இருந்ததைக் காடாக்கியவன் நான்.

பங்குப் பேரவையில்

ஈராண்டுகளுக்கு முன் ஆயர் என்னை மீண்டும் அதே பங்குக்கு அனுப்பினார். வந்த முதல் வாரத்தில் ஒரு மூதாட்டியார் தம் பேரக் குழந்தையைப் பள்ளியில் விட வந்தார். அவரும் அப்பள்ளியில் படித்தவர். எனக்குச் சில வகுப்புகள் மூத்தவர். நண்பகல் வெயிலில் தகித்த தளத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏனுங்க சாமி, இங்கெ நாங்க வெச்ச வேப்பமரம் நாலு இருந்துதே, யாருங்க வெட்டிப்போட்டாங்க?"

அவர் குற்றம் சாட்டவில்லை, அறியாமல் கேட்டார். "நான்தானம்மா" என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எத்தனையோ ஆண்டுகள் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் அமர்ந்து பிறர் குற்றம் கேட்டவன், அன்று வெட்டவெளியில் நின்று என் குற்றத்தைச் சொன்னேன்.

தளத்தைப் பெயர்த்தெடுக்கலாம் என்று பங்குப் பேரவையில் கூறியபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர்கள் சொன்னவற்றில் நியாயம் இருந்தது. பணம் கொடுத்தவர்கள் அவர்களே. திருமணத்துக்கு வரும் வண்டிகள் எங்கே நிற்கும் என்று கேட்டனர். ஒருவர் இன்னும் கடுமையான கேள்வி கேட்டார். ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடிப் பெற்றோர் சென்றுவிட்டனர். என் காலத்தில் ஒரு வகுப்பில் இருந்த அளவு பிள்ளைகளே இன்று பள்ளி முழுவதிலும் இருக்கின்றனர். நாளை மூடப்படக்கூடிய பள்ளிக்குத் தோட்டம் எதற்கு என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அப்போது பேரவை உறுப்பினரான ஒரு தாயார் எழுந்தார். 1956-ஆம் ஆண்டு காமராசர் தொடங்கிய மதிய உணவையும், 1982-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் உண்டு வளர்ந்த குடும்பம் தம்முடையது என்றார். 2024-ஆம் ஆண்டு ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு விரிவுபடுத்தப்பட்டிருப்பதை நினைவூட்டினார். "பள்ளிக்கூடம் இருக்குமா, மூடுமான்னு நமக்குத் தெரியாதுங்க. இருக்கறவரைக்கும் அந்தக் கொழந்தைங்க தட்டுல கீரை இருக்கட்டுமே. ஒரு வருசம் பார்க்கலாமுங்க" என்றார்.

அவர் அறிந்து சொன்னாரோ, அறியாமல் சொன்னாரோ, உவமையின் தோட்டக்காரர் கேட்ட தவணையையே கேட்டார். தளத்தில் பாதியை எடுப்பது, பாதியை விருந்துக்கும் வண்டிகளுக்கும் விடுவது, ஓராண்டுக்குப்பின் மீண்டும் கூடி முடிவெடுப்பது என்று தீர்மானமாயிற்று.

இன்றைய நிலை

சிமெண்டை உடைத்தபின் வெளிப்பட்ட மண்ணில் ஒரு மண்புழுகூட இல்லை. வண்டி வண்டியாக ஆட்டெரு இட்டோம். கொழிஞ்சியை விதைத்து மடக்கி உழுதோம். ஆடியில் பிள்ளைகள் அவரை ஊன்றினர். வேலியோரத்தில் கிளுவைக் குச்சிகளை நட்டனர். வேம்பு நான்கும் மீண்டும் வைத்தாயிற்று. ஐப்பசி மழையில் கிணற்றில் முழங்கால் அளவு நீர் நின்றது. தை பிறப்பதற்குள் வற்றியும்விட்டது. இதனைப் புதுமை என்று நான் எழுதப்போவதில்லை. அவரைக் கொடியோ காய்த்தது. பிள்ளைகளின் தட்டுக்கும் வந்தது. என் பெயர் பொறித்த கல்லைப் பெயர்த்துக் குழாயடியில் போட்டிருக்கின்றேன். கை கழுவும் பிள்ளைகள் அதன்மேல் ஏறி நிற்கின்றனர். அங்கிருந்து நீர் வாழைக்குப் போகின்றது.

உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்றே முதலில் எண்ணினார். அது முழுதும் தவறான எண்ணமன்று என்று எனக்குத் தோன்றுகின்றது. முதல் மனிதனிடம் இறைவன் தோட்டத்தைத்தான் ஒப்படைத்தார். அதைப் பண்படுத்தும் பொறுப்பையும் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஒப்படைத்தார். 2015-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிசு தம் சுற்றுமடலில் நினைவூட்டிய கடமையும் அதுவே.

அன்புக் குடும்பத்தினரே, உங்கள் இல்லத்தில் நிலம் இல்லாமல் இருக்கலாம். மாடியில் ஓர் உடைந்த வாளியும் அரிசி களைந்த நீரும் இருக்கும் அல்லவா? ஓர் அவரை விதையை உங்கள் பிள்ளையின் கையில் கொடுங்கள். உங்கள் பங்கில் பழைய பள்ளி ஒன்று இருந்தால், அதை மூடுவதா என்று பேசும் முன், ஒருமுறை உள்ளே சென்று அங்குள்ள குழந்தைகளைப் பாருங்கள்.

வரும் ஆடியோடு எங்கள் ஓராண்டுத் தவணை முடிகின்றது. பேரவை என்ன முடிவெடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. இன்று வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடிக்கப் போகின்றது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நான் புறப்படுகின்றேன்.