மண்ணுள் உறங்கும் புதர்க்காடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை ஒட்டி டார்லிங் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன்மீது அடர்ந்திருப்பது ஜாரா காடு. யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்த ஜாரா மரம், உலகில் அந்தத் தென்மேற்கு மூலையில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. அக்காட்டு மண்ணின் கீழே சில மீட்டர் ஆழத்தில் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் படிந்துள்ளது. 1963ஆம் ஆண்டு முதல் அத்தாது அங்கே வெட்டியெடுக்கப்படுகிறது. தாது எடுத்த குழிகளில் மீண்டும் காட்டை உருவாக்குவது எவ்வாறு?

தொடக்கத்தில் பைன் மரங்களும், கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கு உரிய யூகலிப்டஸ் வகைகளும் நடப்பட்டன. வேரழுகல் நோய் ஜாராவைத் தாக்கி வந்தமையால், நோய் தாங்கும் மரங்களே ஏற்றவை எனக் கருதினர். நிலம் பசுமையாயிற்று, பழைய காடு திரும்பவில்லை. ஜாரா காட்டில் மரவகைகள் சிலவே. எஞ்சிய நூற்றுக்கணக்கான வகைகள் மரநிழலில் வாழும் புதர்களும் சிறுசெடிகளுமே. அவற்றை விடுத்து மரத்தை மட்டும் நடுவது, சுவரின்றிக் கூரை வேய்வதற்கு ஒப்பாகும்.

இத்தனை வகைப் புதர்களையும் நாற்றாக்கி நடுதல் இயலாத செயல். ஆயினும் அவற்றின் விதைகள் மண்ணிலேயே உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மேற்புறத்து ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே, அந்த மேல்மண்ணைத் தனியே வழித்தெடுத்துக் காக்க வேண்டும். குவித்து வைத்தால், ஈரத்தில் முளைத்தும் அழுகியும் விதைகள் வீணாகும். எனவே ஒரு குழிக்காக வழித்த மண்ணை, தாது எடுத்து முடிந்த மற்றொரு குழியில் உடனே பரப்புகின்றனர். அதற்கு முன், எந்திரங்கள் ஏறி இறுகிய குழித்தரையை இரும்புக் கொழுவால் ஆழக் கீறி, வேரும் நீரும் இறங்க வழி செய்கின்றனர். பரப்பும் மண்ணின் கனமும் முக்கியம்; ஆழத்தில் புதைந்த சிறுவிதையால் வெளிச்சத்தை எட்ட முடியாது. குளிர்கால மழை தொடங்குமுன் இப்பணிகள் முடிய வேண்டும்.

மண் திரும்பினாலும் எல்லா விதைகளும் விழித்தெழுவதில்லை. அக்காடு தீயுடன் வாழப் பழகியது. அவரைக் குடும்பத்துப் புதர்களின் விதையுறை கடினமானது. வெப்பம் பட்டால்தான் அது நீரை உள்ளே விடும். நம் நாற்றங்கால்களில் வாகை, வேல விதைகளை வெந்நீரில் இட்டு விதைப்பதும் இதே நோக்கில்தான். வேறு பல விதைகளுக்கோ வெப்பம் போதாது, புகை வேண்டும்! புகை விதையை எழுப்பும் என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டனர். புகையிலுள்ள எந்தச் சேர்மம் அதைச் செய்கிறது என்பது 2004இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது. அதற்குக் 'கரிக்கின்' என்று பெயரிட்டனர். அப்பகுதியின் தொல்குடிகளான நூங்கார் மக்களின் மொழியில் 'கரிக்' என்றால் புகை. அறிவியல் தன் கலைச்சொல்லை அம்மண்ணின் மொழியிலிருந்தே பெற்றது மகிழ்ச்சிக்குரியது.

செடிகளுக்கு உரம் இடுவதிலும் கருத்து வேண்டும். அந்த மண் இயல்பிலேயே சத்துக் குறைந்தது. அங்குள்ள பேங்க்சியா போன்ற செடிகள் மிகக் குறைந்த பாஸ்பரசைக் கொண்டே வாழ்பவை. மிகுதியாக இட்டால் அது அவற்றுக்கு நஞ்சாகிறது, களைகளோ செழிக்கின்றன. வேலவகைப் புதர்களின் விதையை அளவுக்கு மீறித் தூவினாலும், அவை நெருங்கி வளர்ந்து பிற செடிகளை நெருக்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகு வாராத செடிகளும் உண்டு. தீக்குப்பின் நிலத்தடித் தண்டிலிருந்து துளிர்க்கும் சில செடிகள் விதையை அரிதாகவே தருகின்றன. கோரை போன்ற சிலவற்றின் விதைகள் முளைப்பதே அரிது. இவற்றைத் திசு வளர்ப்பு முறையில் ஆய்வகக் குடுவைகளில் பெருக்கி, நாற்றங்காலில் தேற்றி, மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகக் கையால் நடுகின்றனர். சுரங்கம் தோண்டும் முன் மண்ணோடு மண்ணாகத் தாமே வாழ்ந்திருந்த செடிகள் இவை. இன்று மறுநடவில் மிகுந்த செலவு பிடிப்பவையும் இவையே.