துணைவலியும் தன்வலியும்

நுழையும்முன்

பன்னாட்டு அரசியலை நாம் பெரும்பாலும் வல்லரசுகளின் கண்கொண்டே காண்கிறோம். வல்லரசு ஒன்றின் நட்பைப் பெற்ற சிறிய நாட்டுக்கு அந்த நட்பே அரணாகிவிடுமா? பிலிப்பைன்ஸ் நாட்டின் பார்வையில் நின்று இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

இரண்டு அச்சங்கள்

செயலில் இறங்குமுன் ஆராய வேண்டிய வலிமைகள் நான்கினைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் கூறுகிறார். அவற்றுள் தன்வலி முன்னும் துணைவலி இறுதியிலும் வைக்கப்பட்டுள்ளன. இவ்வரிசையின் பொருளைப் பிலிப்பைன்ஸ் தன் பட்டறிவால் உணர்ந்துவருகிறது.

7,600க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட இந்நாடு, 1946ஆம் ஆண்டு அமெரிக்க ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. 1951இல் இரு நாடுகளும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. பசிபிக் பகுதியில் ஒரு நாடு ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளானால், மற்றொன்று தன் அரசமைப்பு நெறிகளுக்கு உட்பட்டு அவ்விடரை எதிர்கொள்ளச் செயற்படும் என்பது அதன் சாரம்.

இத்தகைய கூட்டணியில் சேரும் சிறிய நாட்டை இரண்டு அச்சங்கள் தொடர்கின்றன. இடர் வரும்போது நட்புநாடு கைவிட்டுவிடுமோ என்பது ஒன்று. நட்புநாட்டின் போருக்குள் தானும் இழுக்கப்படுமோ என்பது மற்றொன்று. ஒன்றைத் தணிக்க முயன்றால் மற்றொன்று வளர்கிறது.

மாறிய காற்று

1991இல் அமெரிக்கப் படைத்தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தைப் பிலிப்பைன்ஸ் செனட் அவை 12க்கு 11 என்னும் வாக்குகளில் நிராகரித்தது. மறு ஆண்டு, சூபிக் விரிகுடாத் தளத்திலிருந்து அமெரிக்கக் கடற்படை வெளியேறியது. தென்சீனக் கடலின் பெரும்பகுதிக்கு உரிமை கோரும் சீனா, பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் மிஸ்சீஃப் பவளத்திட்டில் கட்டடங்களை எழுப்பியிருப்பது 1995இல் தெரியவந்தது. 2012இல் ஸ்கார்பரோ திட்டும் சீனாவின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. நெடுங்காலமாக அங்கு வலைவீசிய பிலிப்பைன்ஸ் மீனவர்களின் பிழைப்பு இதனால் நலிந்தது.

படைவலி குறைந்த நாடு சட்டத்தை நாடியது. 2013இல் தொடுக்கப்பட்ட வழக்கில், ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின்படி அமைந்த நடுவர் தீர்ப்பாயம் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. சீனா கோரும் வரலாற்றுரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது அத்தீர்ப்பு. சீனா அதனை ஏற்கவில்லை. ஏற்கச்செய்யும் படையோ தீர்ப்பாயத்திடம் இல்லை.

அவ்வாண்டே பதவியேற்ற குடியரசுத்தலைவர் டுடெர்டே, வணிகத்தையும் முதலீட்டையும் எண்ணிச் சீனாவை நெருங்கினார். அமெரிக்கப் படையினரின் வருகைக்கான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக 2020இல் அறிவித்தார். எனினும் கடலில் பூசல் ஓயவில்லை. 2021இல் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் அமெரிக்கப் படையினர் பயன்படுத்தத்தக்க இடங்கள் ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்ந்தன. புதிய நான்கில் மூன்று, தைவானை நோக்கிய வடக்கு லூசோன் பகுதியில் உள்ளன. கைவிடப்படும் அச்சம் சற்றே தணிந்தது. இழுக்கப்படும் அச்சம் வளர்ந்தது.

போருக்குக் கீழே ஒரு பூசல்

இன்றைய சிக்கல், எது 'ஆயுதத் தாக்குதல்' என்பதே. நீர்பீரங்கியைப் பாய்ச்சுவதும் படகின்மீது மோதுவதும் போர் எனப்படுவதில்லை. அமைதி என்றும் அவற்றைக் கூறவியலாது. 2024 ஜூனில் செகண்ட் தாமஸ் திட்டின் அருகே நிகழ்ந்த மோதலில் பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். ஆயினும் மணிலா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் கையிலெடுக்கவில்லை. எடுத்தால் பெரும்போர் மூளலாம். எடுத்தும் உதவி வாராவிடில் உடன்படிக்கையே பொருளற்றுப்போகும்.

தன்வலி தேடல்

எனவே, பிலிப்பைன்ஸ் ஒரே தூணைச் சார்ந்து நிற்காமல் பிற துணைகளையும் நாடுகிறது. இரண்டாம் உலகப்போரில் தன்னை ஆக்கிரமித்த ஜப்பானுடன் 2024இல் படை ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியாவிடமிருந்து பிரமோஸ் ஏவுகணைகளை வாங்க 2022இல் ஒப்பந்தமிட்டு, 2024 ஏப்ரலில் முதல் தொகுதியைப் பெற்றது. அதேவேளையில், தன் பெரும் வணிகக் கூட்டாளியான சீனாவுடன் பேச்சுவார்த்தையையும் தொடர்கிறது.

வல்லரசுகளின் போட்டியில் நேற்றைய பகைவர் இன்று நண்பராகலாம். நண்பரின் கவனம் வேறு திசைக்கும் திரும்பலாம். கடலும் கரையும் இடம்பெயர்வதில்லை. ஆதலின், துணைவலியைத் தேடும் நாடு தன்வலியையும் வளர்த்தாக வேண்டும். துணையை எப்போது அழைப்பது என்னும் தெளிவும் அதற்கு வேண்டும்.