ஆயாவுக்கு இனாம் கொடுக்கலாமா?

"அங்கன்வாடி ஆயா கையில ஏதாவது கொடுத்தாத்தான் நம்ம பிள்ளையை நல்லா பாத்துக்கிடுவாக!" தீபாவளி நெருங்கினாலே எங்கள் அம்பாசமுத்திரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. நான் தனியே நூறு ரூபாய் கொடுத்தால், கொடுக்க முடியாத தாயின் மனசு என்ன பாடுபடும்? பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும், கால் கழுவி விடுவதும் காசுக்கு ஏற்றாற்போல் கூடிக் குறையலாமா?

அதற்காக வெறுங்கையை வீசிக்கொண்டு போகச் சொல்லவில்லை. பொங்கலுக்குத் தாய்மார் எல்லோருமாக, முடிந்ததைப் போட்டு, டீச்சருக்கும் ஆயாவுக்கும் வீரவநல்லூர் கைத்தறிச் சேலை எடுத்துக் கொடுக்கலாம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது வெளியே தெரிய வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ல். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 2022 ஏப்ரல் 25-ல்தான்!

சேலை நம் பிரியம். பணிக்கொடை அவர்கள் உரிமை. ஆயா ஓய்வு பெறும்போது, "அது கைக்கு வந்துதா?" என்று நாம் விசாரிப்பதும் ஓர் உபகாரம்தானே, சகோதரிகளே?